சபையேறிய கல்வி

பம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினாற் காலொடிந்து, படுக்கையிற் கிடந்த மாதங்களில் மனந்திரும்பித் துறவு பூண்ட இஞ்ஞாசியார் என்னும் ஸ்பானிய வீரர், முப்பது வயதைக் கடந்த பின்னர், 1524-ஆம் ஆண்டில் பார்ஸலோனா நகருக்கு வந்து, பத்து வயதுப் பிள்ளைகள் கற்கும் இலத்தீன் இலக்கணத்தைப் பால பாடத்திலிருந்து கற்கத் தொடங்கினார். அங்கும், அதன்பின் அல்கலா, சலமங்கா நகரங்களிலும், முன்பின் ஒழுங்கில்லாமல் ஒரே சமயத்திற் பல சாஸ்திரங்களில் கைவைத்து, எதிலும் நிலைகொள்ளாமல் தவித்த அவர், 1528-இல் பாரிஸ் நகரத்தை அடைந்தபோதுதான், மாணாக்கரைத் தரம் பிரித்து வகுப்பு வகுப்பாக ஏற்றுவதும், கற்றதை அன்றன்றே ஒப்புவிக்கச் செய்வதும், விடாமற் பயிற்சி தருவதுமாகிய அந்நகரத்துக் கலாசாலைகளின் முறையைக் கண்டு வியந்தார். முறையில்லாமற் படித்து ஆண்டுகளை இழந்தவனுக்கே முறையின் அருமை தெரியும். பின்னாளில் ஐரோப்பாவின் இளைஞர் கல்வியில் இரண்டு நூற்றாண்டுக் காலம் ஓங்கி நின்ற சேசு சபைப் பள்ளிகளின் வித்து, வயது கடந்து பள்ளிக்கூடம் புகுந்த அந்த ஒரு மாணாக்கரின் அவஸ்தையிலேயே விழுந்தது என்று சொல்லலாம்.

இஞ்ஞாசியார் நிறுவி, 1540-இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற சேசு சபைக்கு ஊரார் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் நோக்கம் முதலில் இருந்ததில்லை. தேச சஞ்சாரஞ் செய்து பிரசங்கிப்பதும் பாவசங்கீர்த்தனம் கேட்பதுமே அதன் தொழிலாக எண்ணப்பட்டன. ஆனால் சிசிலித் தீவின் மெஸ்ஸீனா நகரத்தார், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கலாசாலை வேண்டும், செலவை நகரம் ஏற்கும் என்று விண்ணப்பித்துக்கொள்ளவே, 1548-இல் இஞ்ஞாசியார் ஜெரோம் நடால், பேதுரு கனீசியுஸ் முதலிய பத்துப் பேரை அங்கே அனுப்பினார். சபையைச் சேராத மாணாக்கருக்கென்று ஏற்பட்ட முதற் பள்ளி அதுவே. மூன்றாண்டு கழித்து, 1551-இல் ரோமாபுரியில் ஒரு வாடகை வீட்டின் வாயிலில், இலக்கணமும் இலக்கியமும் ஞானோபதேசமும் இங்கே இலவசமாகக் கற்பிக்கப்படும் என்ற கருத்துப்பட ஒரு பலகை தொங்கியது. பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ரோமைக் கலாசாலையின் ஆரம்பம் அவ்வளவுதான். இஞ்ஞாசியார் 1556-இல் மரித்தபோது பள்ளிகள் முப்பதுக்கு மேற்பட்டுவிட்டன.

இந்தப் பள்ளிகளின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றிற் பயின்று பேர் பெற்றவர்களின் ஜாபிதாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ, அங்கே ஒரு சாதாரணப் பையனின் பொழுது எவ்வாறு கழிந்தது என்பதே மிக்க ருசியுள்ள விஷயமாகத் தோன்றுகிறது. ஏனெனில், இன்று நம்முடைய உயர்தரப் பாடசாலைகளில் பாடத்துக்குப் புறம்பானவை என்று மாலை நேரத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் ஒதுக்கிவைத்திருக்கிற விவாத சபை, நாடகம், பரிசளிப்பு, கவியரங்கம், தொண்டர் சங்கம் முதலியவையெல்லாம் அப்பள்ளிகளிற் பாடத்துக்குள்ளேயே இருந்தன. படித்ததை நாலு பேர் முன்னிலையில் நின்று சொல்லிக் காட்டாதவரையில் படித்ததாகவே கணக்கில்லை என்பது அவர்களுடைய கொள்கை. அரங்கேறாத நூலை நூலென்று ஒப்பாத தமிழ்ப் புலவர்களுக்கு இது புதிய கொள்கையன்று.

சபைத் தலைவராகிய அக்வாவீவா என்பவரின் காலத்தில், 1586-இலும் 1591-இலும் இரு முறை வரைந்து, பல தேசத்து ஆசிரியர்களின் ஆட்சேபங்களையுங் கேட்டுத் திருத்தி, 1599-இல் முடிவாக வெளியிடப்பட்ட 'ராத்தியோ ஸ்தூதியோரும்' என்னும் கல்வி விதிநூலைப் புரட்டினால், தத்துவ விசாரம் மிகச் சிறிதாகவும், நடைமுறை விவரம் மிகப் பெரிதாகவும் காணப்படும். கீழ்ப்பள்ளியில் ஐந்து வகுப்புகள்: இலக்கணம் மூன்று, அதன்மேல் இலக்கியம், உச்சியில் சொல்வன்மை. காலையில் இரண்டரை மணி, மாலையில் இரண்டரை மணி வகுப்பு. சொல்வன்மை வகுப்புக்கு மட்டும் இவ்விரண்டு மணியாகக் குறைத்திருந்தார்கள். ஆசிரியர் சிசரோவின் ஒரு பகுதியை எடுத்து முதலில் முழுவதும் வாசிப்பார். அதன் கருத்தை இரண்டொரு வார்த்தையிற் சுருக்கிச் சொல்லுவார். பிறகு வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பொருளுரைத்து, நயங் காட்டி, வேண்டிய இடத்திற் சரித்திரத்தையும் புராணத்தையுந் தொட்டுச் செல்வார். முடிந்தவுடன் மாணாக்கர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். மறுநாள் மீண்டும் ஒருமுறை. சனிக்கிழமையில் அந்த வாரம் முழுவதையும் ஒருமுறை. கடை வகுப்பொழிய மற்றவற்றில், பேச்சும் இலத்தீனிலேயே இருக்கவேண்டுமென்பது சட்டம்.

வகுப்பிலே கூட்டம் மிகுந்திருந்தபடியால், ஒப்புவிப்பதை ஆசிரியரே கேட்டு முடியாது. ஆகையால் மாணாக்கரிற் சிலரைப் 'பதின்மர் தலைவர்' என்று நியமித்து, அவர்களிடத்தில் மற்றவர்கள் பாடம் ஒப்புவிக்கவும், எத்தனை இடத்தில் நினைவு தவறியது என்பதை அவர்கள் ஒரு புத்தகத்திற் குறிக்கவும், எழுதிவந்த பயிற்சித் தாள்களை வாங்கி ஆசிரியரிடம் சேர்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைக்கு ரோமாபுரியில் ஒரு தமையன் இருந்தான் என்று அறிவதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் சட்டாம்பிள்ளையின் கையிலிருந்த பிரம்பு இவனுக்கு இல்லை. அடிக்கவேண்டியிருந்தால், அதற்கென்று சபையைச் சேராத ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்தவேண்டும் என்றும், குருவானவர் எவரும் தம் கையால் மாணாக்கனை அடிக்கலாகாது என்றும் விதித்திருந்தார்கள். அடி விழுந்ததென்னவோ உண்மை. அடித்த கையும் கற்பித்த கையும் வேறாக இருக்கட்டும் என்ற அந்தச் சாமர்த்தியத்தை மெச்சுவதா நகைப்பதா என்று தெரியவில்லை.

பிரம்புக்குப் பதிலாக அவர்கள் கைக்கொண்ட ஆயுதம் போட்டியே. ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஓர் எதிராளி உண்டு. ஒருவன் எழுந்து ஒப்புவிக்கையில், எதிராளி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து, வேற்றுமை பிசகினாலும், அசை குறைந்தாலும், உடனே எழுந்து திருத்துவான். அவன் திருத்தியது சரியானால் அவனுக்கு வெற்றி. சில இடங்களில் வகுப்பையே ரோமர், கார்த்தேஜியர் என்று இரண்டு சேனைகளாகப் பிரித்து, எதிரெதிரே உட்கார வைத்து, யார் நன்றாக எழுதினார்களோ அவர்களுக்குப் பழைய ரோம ராஜ்யத்து அதிகாரிகளின் பட்டங்களையுஞ் சூட்டினார்கள். மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ புதிதாகக் கட்டுரை எழுதச் செய்து, பட்டங்கள் கைமாறும். இந்த வழக்கம் எவ்வளவு காலம் நிலைத்ததென்பதற்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் நாவலே சாட்சி. 1888-இல் அயர்லாந்திலுள்ள கிளாங்கோஸ் பள்ளியிற் சேர்ந்த அவர், தம் கதாநாயகனாகிய சிறுவன் வெள்ளை ரோஜாப் பட்டுச் சின்னத்தை மார்பிற் குத்திக்கொண்டு, யார்க் கட்சிக்காகச் சிவப்பு ரோஜா லங்காஸ்டர் கட்சியோடு கணக்குப் போட்டியிற் போராடுவதை வருணித்திருக்கிறார். ரோமரும் கார்த்தேஜியரும் போய் ஆங்கிலப் பிரபுக்கள் வந்தார்களே ஒழிய, வகுப்பு இரண்டாகப் பிரிந்து மோதுவது நிற்கவில்லை.

பரிசு கொடுப்பதற்கு அவர்கள் வகுத்த சட்டங்களைப் படிக்கும்போது, பள்ளிக்கூடத்துச் சட்டங்களைப் படிக்கிறோமா நியாயஸ்தலத்துச் சட்டங்களைப் படிக்கிறோமா என்ற ஐயம் உண்டாகும். சொல்வன்மை வகுப்புக்கு எட்டுப் பரிசு: இலத்தீன் உரைநடைக்கு இரண்டு, செய்யுளுக்கு இரண்டு, கிரேக்க உரைநடைக்கு இரண்டு, கிரேக்கச் செய்யுளுக்கு இரண்டு. ஞானோபதேசத்தை நன்றாகக் கற்றவர்களுக்கு வேறு பரிசு. பரீட்சை எழுதுகிறவன் விடைத்தாளிற் பெயரைப் போடாமல் ஒரு குறியை மட்டும் இட்டு, அதே குறியையும் தன் பெயரையும் வேறொரு தாளில் எழுதி, பெயர் தெரியாதபடி அதை ஒட்டிக் கொடுக்கவேண்டும். மூன்று நடுவர்கள் தீர்ப்புச் சொல்லும் வரையில் ஒட்டிய தாளைப் பிரித்தலாகாது. சிபாரிசுக் கடிதமும் குலப் பெருமையும் அரசாண்ட அக்காலத்தில், பிரபுவின் மகனும் செருப்புத் தைப்பவன் மகனும் ஒரே குறியின் மறைவில் நின்றார்கள் என்பது சாமானிய விஷயமன்று. ஏழையென்றோ தாழ்ந்த குடியிற் பிறந்தவனென்றோ ஒருவனைச் சேர்க்க மறுக்கலாகாது என்று அவ்விதிநூலே சொல்லுகிறது. ஆனால் இங்கே ஒன்றை மறைக்கலாகாது: எழுத்தறியாதவனுக்கு எழுத்துக் கற்பிப்பது பொதுவாக அவர்கள் வேலையன்று. வாசிக்கவும் எழுதவும் வேறெங்கோ கற்றுக்கொண்டு வந்தவனுக்கே இலத்தீன் வகுப்பின் கதவு திறந்தது. கட்டணமில்லாத பள்ளிக்கும் வாசற்படி உயரமாகத்தான் இருந்தது.

அக்காலத்து மாணாக்கர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை, அவர்களுக்கு விதித்த தடைகளைக்கொண்டு ஊகிக்கலாம். கட்டாரியும் கத்தியும் பிற ஆயுதங்களும் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாதென்று ஒரு விதி. கொண்டுவந்தவர்கள் இருந்ததால்தானே விதி பிறந்தது! பொதுக் கூத்துகளுக்கும், குற்றவாளிகளைத் தூக்கிலிடும் காட்சிக்கும் போகலாகாதென்பது மற்றொன்று. ஆனால் அந்த விதியின் வாலில், பதிதரைத் தண்டிக்கும் காட்சியானாற் போகலாம் என்ற பொருளில் ஒரு விலக்குத் தொங்குகிறது. பிள்ளைகளின் உள்ளம் கல்லாகிவிடலாகாது என்று கவலைப்பட்ட ஆசிரியர்கள், அதே வாக்கியத்தில் அந்தக் கவலையை ஒரு வகுப்பு மனிதருக்கு மட்டும் விலக்கிவைத்தார்கள். அந்த நூற்றாண்டின் மதவைரம் கத்தோலிக்கரையும் சீர்திருத்தக்காரரையும் ஒரு சேரப் பிடித்திருந்தது மெய்யே. ஆயினும் விதிநூலைப் புகழ்வோர் இவ்வரியைத் தாண்டிப் போகும்போது சற்றே கால் இடறத்தான் வேண்டும்.

வகுப்புக்கு வெளியே இரண்டு ஸ்தாபனங்கள் மாணாக்கர் வாழ்க்கையை ஆண்டன. ஒன்று தேவமாதா சபை. லியேஜ் நகரத்தவராகிய ஜான் லூனிஸ் என்னும் இளம் ஆசிரியர், 1563-இல் ரோமைக் கலாசாலையில், வகுப்பு முடிந்தபின் சில மாணாக்கரைக் கூட்டி, ஜெபிக்கவும் நல்ல நூல் வாசிக்கவும், ஓய்வு நாட்களில் ஆஸ்பத்திரி நோயாளிகளையும் சிறைக் கைதிகளையும் சந்திக்கவும் பழக்கினார். 1584-இல் பாப்பரசர் அதை மற்றக் கிளைகளுக்கெல்லாம் தாய்ச் சபையாக்கினார். இன்று நம்மூர்க் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் மாணாக்கரின் பாதுகாவலராக வணங்கப்படும் அர்ச். ஞானப்பிரகாசியார் அந்த ரோமைக் கலாசாலையின் மாணாக்கரே. கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து, தாமும் அந்நோய்க்கு ஆளாகி, 1591-இல் இருபத்துமூன்று வயதில் அவர் இறந்தார். மற்றொன்று கழகம். தேர்ந்த மாணாக்கர் தாமே தலைவனையும் ஆலோசகரையும் காரியதரிசியையுந் தேர்ந்தெடுத்து, விடுமுறை நாட்களிற் கூடி, கட்டுரை வாசித்து, ஒருவர் கட்சியை ஒருவர் மறுத்துப் பேசினர். இளைஞர் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளக் கற்ற இடம் அதுவென்றால் மிகையாகாது. நல்ல கவிகளை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வகுப்புச் சுவரில் ஒட்டி, வருவோர் போவோர் படிக்கச் செய்வதும் உண்டு. நம் பள்ளிகளின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அந்தச் சுவரே மூதாதை.

அச்சுவரில் வந்த கவிகளெல்லாம் பழைய தேவர் கதைகளே என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்ஸ் தேசத்து நான்காம் ஹென்றி மன்னர் தாம் ஆதரித்து வளர்த்த லா ஃப்ளேஷ் கலாசாலைக்குத் தம் இருதயத்தைத் தருவதாக வாக்களித்திருந்தார். 1610-இல் அவர் கொலையுண்டபின் இருதயம் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. மறு வருஷம் நினைவு விழாவிற் பாடிய கவிகளைத் தொகுத்துப் பதிப்பித்தார்கள். அவற்றுள் ஒன்று, வியாழ கிரகத்தைச் சுற்றிவரும் புதிய கோள்களைக் கலிலேயோ கண்டுபிடித்த செய்தியை மன்னரின் மரணத்தோடு பொருத்திப் பாடுகிறது. கலிலேயோ அவற்றைக் கண்டது 1610 ஜனவரியில். ஒன்றரை வருஷத்துக்குள் அச்செய்தி ஒரு நாட்டுப்புறப் பள்ளியின் கவிதைக்குப் பொருளாகிவிட்டது! தத்துவ ஞானி தெக்கார்த் அந்தப் பள்ளியில் மாணாக்கராக இருந்தது ஏறக்குறைய அந்தக் காலந்தான். அவர் பிற்காலத்தில் அங்கே கற்ற கல்வியிற் பெரும்பகுதியை ஐயுற்றுத் தள்ளினார். தள்ளுவதற்கு வேண்டிய தர்க்கப் பயிற்சியையும் அங்கேயே பெற்றிருந்தார்.

இனி நாடகத்துக்கு வருவோம். ஏனெனில் அப்பள்ளிகளின் ஜீவநாடி அதுவே. விதிநூல் அதை மிகுந்த தயக்கத்தோடு அனுமதித்தது. நாடகம் மிக அரிதாகவே நடைபெறவேண்டும், இலத்தீனில் இருக்கவேண்டும், பொருள் பக்தி நிறைந்ததாக இருக்கவேண்டும், அங்கங்களுக்கு நடுவிலும் இலத்தீனல்லாதது எதுவும் புகலாகாது, பெண் பாத்திரமோ பெண் வேஷமோ கூடாது. இத்தனை கட்டுகளில் எது நிலைத்தது என்று கேட்டால், பக்தி ஒன்றே ஏறக்குறைய நிலைத்தது என்று சொல்லவேண்டும். ஊர் முழுவதும் திரண்டு வந்தது, அரசரும் வந்தார், வந்தவர்களிற் பெரும்பாலாருக்கு இலத்தீன் தெரியாது. அதற்காகக் கதைச் சுருக்கத்தைத் தேசபாஷையில் அச்சிட்டு வாயிலில் வழங்கினார்கள். பாரிஸில் லூயி-லெ-கிராண்ட் என்று பெயர் மாறிய கலாசாலையிலோ, இலத்தீன் சோக நாடகத்தின் அங்கங்களுக்கு இடையே நடனம் புகுந்தது. நடனம் அமைக்க அரசவை நடன ஆசிரியரே வந்தார். 1688-இல் அங்கே சவுல் மன்னனைப் பற்றிய இலத்தீன் நாடகத்துக்கு இடையிடையே, தாவீது, ஜோனத்தான் கதையை இசையாசிரியர் ஷர்ப்பாந்தியே பிரெஞ்சு மொழியில் இசை நாடகமாக அமைத்துத் தந்தார். இலத்தீன் நாடகம் அழிந்துபோயிற்று. விதிநூல் தடுத்த இடைக்காட்சியோ இன்றும் அரங்குகளிற் பாடப்பட்டு வருகிறது.

அந்நாடகங்களில் யாக்கோபு பீடர்மான் எழுதி, 1602-இல் ஆக்ஸ்பர்க் நகரிலும் 1609-இல் ம்யூனிக் நகரிலும் நடித்த 'செனோடாக்ஸஸ்' என்பது தனித்து நிற்கிறது. கதாநாயகன் பாரிஸ் நகரத்துப் பெரும் பண்டிதன். தர்மவான், கல்விமான் என்று ஊரெல்லாம் புகழப்படுகிறவன். உள்ளே புகழாசையொன்றினால் மட்டும் இயங்குகிறவன். அவன் இறக்கிறான். சவச் சடங்கு நடக்கையில், பாடையில் இருந்த பிணம் எழுந்து, தேவ நியாயஸ்தலத்தில் தன்மேற் குற்றஞ்சாட்டப்பட்டுவிட்டது என்று கூவுகிறது. கூடியிருந்தோர் நடுங்கிச் சடங்கை மறுநாளைக்கு ஒத்திவைக்கிறார்கள். மறுநாள் எழுந்து, தான் விசாரிக்கப்பட்டதாகச் சொல்லுகிறது. மூன்றாம் நாள், தண்டிக்கப்பட்டேன் என்று அலறி விழுகிறது. அங்கிருந்த புரூனோ என்பவர் உலகத்தை வெறுத்து வனவாசம் புகுகிறார். ம்யூனிக்கில் இதைப் பார்த்தவர்கள் முதலில் விதூஷகக் காட்சிகளுக்கு விழுந்து விழுந்து சிரித்து, பிறகு சிரிப்படங்கி, முடிவில் அரசவைப் பிரமுகர் பதினான்கு பேர் ஞானவொடுக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்றும், பண்டிதனாக நடித்தவரே சபையிற் சேர்ந்து துறவியானார் என்றும், 1666-இல் வெளிவந்த பதிப்பின் முன்னுரை கூறுகிறது. முன்னுரைகள் கூறுவதில் எவ்வளவு தள்ளவேண்டுமோ அவ்வளவு தள்ளிவிட்டாலும், ஒரு விஷயம் மிஞ்சுகிறது. எதிராளியை வைத்தும், பட்டம் சூட்டியும், சுவரில் ஒட்டியும், மேடையில் ஏற்றியும் புகழாசையையே எரிபொருளாகக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கச் செய்த பள்ளிகள், தம்முடைய மிகச் சிறந்த நாடகத்தில், புகழாசையே ஒரு கல்விமானை நரகத்தில் தள்ளுவதாகக் காட்டின. அந்த ஆசிரியர்கள் தாங்கள் கையாண்ட மருந்தின் விஷத்தை அறியாதவர்களல்லர்.

லூயி-லெ-கிராண்டில் 1704 முதல் 1711 வரை பயின்ற வால்டேர், சபையின் கொடிய பரிகாசகராக வளர்ந்த பின்னும், தமக்குச் சொல்வன்மை கற்பித்தவரும் பல நாடகங்களை எழுதியவருமாகிய பொரே குருவானவரை மரியாதையோடேயே குறிப்பிட்டு வந்தார். நாடகப் பித்தும் அவரை மரணம் வரையில் விடவில்லை. 1759-இல் போர்ச்சுகலும், 1762 முதல் பிரான்சும், 1767-இல் ஸ்பெயினும் சபையைத் துரத்தின. 1773-இல் பாப்பரசரே அதைக் கலைத்தார். நூற்றுக்கணக்கான பள்ளிகள் கைமாறின, அல்லது மூடின. பாப்பரசரின் ஆணையைப் பிரசுரிக்க மறுத்த ருஷ்யச் சக்கரவர்த்தினியின் ராஜ்யத்தில் சில தப்பின. 1814-இற் சபை மீண்டெழுந்தது. 1832-இல் ரூத்தான் என்னும் தலைவர் விதிநூலைத் திருத்தி, தேசபாஷைக்கும் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் சரித்திரத்துக்கும் முன்னிலும் மிகுந்த இடங் கொடுத்தார்.

மீண்டெழுந்த சபையின் பிரெஞ்சுக் குருமார் தமிழ்நாட்டுக்கு வந்து, 1844-இல் நாகப்பட்டினத்தில் ஒரு கலாசாலையைத் தொடங்கினர். அதுவே 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறி, அர்ச். சூசையப்பர் கல்லூரியென்று நிலைபெற்றது. அங்கே மாதா சபையும் விவாத சபையும் பரிசளிப்பு விழாவும் நாடகமும் வேரூன்றியதை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் அந்தக் கல்வி முறையின் கைவண்ணம் தமிழிற் படிந்தது அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே. ஞானப்பிரகாசியார் பிறந்த அதே கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இற் பிறந்து, இத்தாலியில் சேசு சபைப் பள்ளியிற் படித்து வளர்ந்த வீரமாமுனிவர், தமிழ் கற்க வருவோருக்கென்று இலத்தீனில் இலக்கணம் எழுதியதும், அகராதி தொகுத்ததும், வாசித்துப் பழகுவதற்காகப் பரமார்த்த குருவின் கதையைத் தமிழிலும் இலத்தீனிலும் எழுதிவைத்ததும், அப்பள்ளியின் பயிற்சிமுறை அறிந்தவர்களுக்கு வியப்பாகத் தோன்றா. அவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். எதிராளியின் காதுக்கு அஞ்சி ஒப்புவித்துப் பழகும் பள்ளியிலிருந்து வந்த அவருடைய கையில், அப்பொருட்பாலின் இடையே, அவையறிதல் என்றும் அவையஞ்சாமை என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் அகப்பட்டன.